வார்னிஷ் நாளில் ஓர் இழுப்பு

வார்னிஷ் நாளன்று பாரிஸில் ஓர் ஓவியர்கூட நல்லவராக இருந்து நான் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் எல்லோரும் தங்கமானவர்கள்தான். மழைக்குக் குடை கொடுப்பார்கள், சளிக்கு மருந்து சொல்வார்கள். ஆனால் வசந்தக் கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் மாளிகைக் கதவைத் திறந்து, "வந்து அவரவர் படத்துக்கு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள்" என்று உள்ளே விடுவார்களே, அன்றைக்கு இவர்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் படத்தில் சூரியன் மறைந்துகொண்டிருக்கும். பக்கத்துப் படத்தில் அந்தச் சூரியனைவிடச் சிவப்பாக ஒரு கார்டினல் பாதிரியாரின் அங்கி. உடனே ஏணி போட்டு ஏறி, சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு. இவர் இறங்குவதற்குள் கார்டினல்காரர் ஏறிவிடுவார். மாலைக்குள் அந்தச் சுவரில் பாத்திரம் வைத்துக் காபி போடலாம், அவ்வளவு சூடு.

நான் வண்ணக்கடைக்காரன் பிலிபேர். மோன்மார்த்தர் குன்றின் அடியில் கடை. இப்போது அதை என் மருமகன் நடத்துகிறான். அவன் செய்யும் தப்புகளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடச் சுகமான உத்தியோகம் பிரான்சிலேயே கிடையாது. ஆனால் வார்னிஷ் நாளுக்கு மட்டும் பழைய தோல்பையில் புட்டிகளை அடுக்கிக்கொண்டு நானே போய்விடுவேன். வியாபாரம் என்று வீட்டில் சொல்வேன். உண்மையில் நான் போவது வேடிக்கைக்கும், மாளிகைக்கு எதிரே உள்ள உணவகத்தில் அன்றைக்கென்றே பரிமாறும் சால்மன் மீனுக்கும். பச்சைச் சாறு ஊற்றித் தருவார்கள். அந்தச் சாற்றுக்காக நான் மதம்கூட மாறுவேன்.

அந்த மீன்தான் போன வருடம் என்னைக் கெடுத்தது. அன்செல்மைக் கெடுத்தது எது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்செல்ம் வோத்ரே என் வயதுக்காரன், என் மிகப் பழைய வாடிக்கை. பழைய இத்தாலிய ஆசான்களின் வழியை விட்டு ஓர் அங்குலம் நகராதவன். முதலில் கரிக்கோடு, அதன்மேல் பழுப்புப் பூச்சு, அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், அது காய்ந்ததும் இன்னொன்று, கடைசியில் கண்ணாடிபோல வார்னிஷ். நிழலுக்குத் தார்ப்பழுப்புதான் வேண்டும் என்பான். தார் எப்போதும் முழுசாகக் காயாது. அவன் வரைந்த ரோம் நாட்டு மந்திரி ஒருவருக்கு ஒரு கோடையில் மூக்கு உருகி மோவாய்க்கு வந்துவிட்டது. வாங்கியவர் வீட்டில் படத்தைத் தலைகீழாக மாட்டி வைத்தார்கள், அடுத்த கோடையில் மூக்கு திரும்பட்டும் என்று. நான் மிகைப்படுத்துகிறேன் என்று அன்செல்ம் சொல்வான். மூக்கு நகர்ந்தது உண்மை.

மதாம் எர்மான்ஸ் வொக்லேர் நேர் எதிர். தகரக் குழாயில் அடைத்த வண்ணங்களும் மடக்கு நாற்காலியுமாக ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் பெட்டியில் கறுப்பே இருக்காது. நிழல் என்றால் ஊதா, இல்லையென்றால் நீலம். அவருக்கென்றே நான் ஒரு கான்வாஸ் தயாரித்துக் கொடுப்பேன். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசியது, எண்ணெயைத் தண்ணீர்போலக் குடிக்கும். அதில் தீட்டிய வண்ணம் துளிகூட மினுங்காது. மாவைத் தடவியதுபோல மென்மையாக, வெளிச்சம் உள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அதன்மேல் வார்னிஷ் பட்டால் கதை முடிந்தது. கான்வாஸ் வார்னிஷையும் குடித்துவிடும், மொத்தமும் தேநீர் கொட்டிய துணியாகிவிடும். பிறகு துடைக்கவும் முடியாது. துடைத்தால் படமும் சேர்ந்து வந்துவிடும்.

இதெல்லாம் அன்செல்முக்குத் தெரியுமா? தெரியும். என் கடை அடுப்பருகே இரண்டு பேரும் வருடக்கணக்கில் இதைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள்.

"வார்னிஷ் இல்லாத படம், சட்டை போடாம விருந்துக்குப் போற மாதிரி, மதாம்."

"உங்க படத்துக்கு முன்னாடி நின்னா என் மூஞ்சிதான் தெரியுது, முசே அன்செல்ம். தலை வாரிக்க வசதியா இருக்கு."

இந்தக் கண்காட்சியில் பெயரின் எழுத்து வரிசைப்படிதான் அறை ஒதுக்குவார்கள். வொக்லேர், வோத்ரே என்று இருவரும் ஒட்டியே வருவார்கள். ஆனால் அன்செல்மின் படம் கண்மட்டத்தில் தொங்கும், மதாமின் படத்தைக் கூரையருகே தூக்கி மாட்டிவிடுவார்கள். பார்ப்பதற்குப் புறாவாகப் பிறக்க வேண்டும். போன வருடம்தான் முதல்முறையாக அவருக்குக் கண்மட்டத்தில் இடம் கிடைத்தது. அன்செல்முக்கு நேர் பக்கத்தில், சட்டமும் சட்டமும் தொடும் அளவுக்கு.

வார்னிஷ் நாளுக்கு முந்தின மாலை, அன்செல்ம் அடுப்பருகே இருக்கும்போது, மதாம் கடைக்கு ஓடி வந்தார்.

"தங்கைக்குப் பிரசவ வலி கண்டுடுச்சு. நான் இப்பவே ரயில் ஏறணும். நாளைக்கு வர முடியாது. முசே அன்செல்ம், என் படத்துக்கு என்ன பண்ணணும்னு ஒண்ணுமில்ல. தூசி இருந்தா தட்டிவிடுங்க, போதும்."

"நீங்க கவலைப்படாமப் போங்க, மதாம். என் படம் மாதிரி பாத்துக்கறேன்" என்றான் அன்செல்ம். மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் அந்த அறைக்குள் போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்செல்மின் படம் கதவளவு பெரியது. கார்த்தேஜ் நகரத்துப் பெண்கள் போருக்குக் கயிறு திரிப்பதற்காகக் கூந்தலை அறுத்துக் கொடுக்கும் காட்சி. தலைக்குத் தலை தனித்தனி முடியாக வரைந்திருந்தான், எண்ணினால் குறையாது. பக்கத்தில் மதாமின் படம், சிறியது. வாஸ் ஆற்றங்கரையில் பனிமூட்டமான காலை, கொடியில் காயும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். வேறொன்றும் இல்லை. வெள்ளைக்குள் வெள்ளை, அதற்குள் சிறிது ரோஜா நிறம், சிறிது நீலம். ஆனால் அந்த விரிப்புகளில் பட்ட வெளிச்சத்தில் கார்த்தேஜ் மொத்தமும் ஆறிப்போன இறைச்சிக் குழம்பாகத் தெரிந்தது.

அன்செல்மும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா, மாமியார் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறே?"

"வெளிச்சம் சரியில்ல இந்த அறையில" என்றான்.

"வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பூரா பக்கத்துப் படத்துல இருக்கு."

வேடிக்கையாகச் சொல்லி நானே ரசித்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் படத்துக்காக ஒரு புட்டி வார்னிஷையும் அகலமான பிரஷையும் கொடுத்துவிட்டு, மீன் தீர்ந்துவிடப் போகிறதே என்று கிளம்பினேன்.

வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பினால், அன்செல்ம் ஒரு முக்காலிமேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் பிரஷ் மதாமின் படத்தின் வலது கீழ் மூலையில் இருக்கிறது. படம் முழுக்கப் பளபளவென்று ஈரம். என் மீசையில் ஒட்டியிருந்த பச்சைச் சாறு அதில் தெளிவாகத் தெரிந்தது.

"யோவ், என்னய்யா பண்றே?"

"ஒரு உதவி."

"யாருக்கு?"

"பாவம், அவங்க வரல. எல்லார் படமும் மினுமினுன்னு இருக்கு. இது மட்டும் மூஞ்சி கழுவாம நின்னுச்சு. மனசு கேக்கல."

"தூசி தட்டத்தானே சொன்னாங்க?"

"வார்னிஷ் போடாதேன்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். தேவாலயத்துக்குள் குதிரையைக் கட்டாதே என்றும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஜா நிறம் போனது. நீலம் சாம்பலானது. துவைத்துக் காயப்போட்ட விரிப்புகள் எல்லாம் மறுபடி அழுக்காயின. பக்கத்தில் கார்த்தேஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கையில் இருந்தது என் புட்டி.

திறப்பு நாளன்று மதாம் எர்மான்ஸ் ரயிலடியிலிருந்து நேராக வந்தார். தன் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போய், மேற்பரப்பில் வெளிச்சம் சறுக்கும் கோணத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அன்செல்ம் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தான். அந்த வேகத்தில் ஒரு படகையே ஓட்டியிருக்கலாம்.

"குழந்தை நல்லாயிருக்கா, மதாம்?"

"நல்லாயிருக்கு. தூசி தட்டினீங்களா?"

"தட்டினேன்."

"சுத்தமா தட்டியிருக்கீங்க."

அவ்வளவுதான். அவர் அழுதிருந்தால், என் பையால் அவனை அடித்திருந்தால், எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்து நடந்ததுதான் அநியாயம். பத்திரிகைக்கு எழுதும் ஒருவர் கைத்தடியோடு வந்து அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். "அப்பாடா! மதாம் கடைசியில ஒரு படத்தை முடிக்கக் கத்துக்கிட்டாங்க. மாலை நேரத்தோட சோகத்தைப் பாருங்க!" என்றார். கண்காட்சிப் பட்டியலில் படத்தின் பெயர் 'காலை' என்று அச்சிட்டிருந்ததை அச்சுப்பிழை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். லீல் நகரத்துச் சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர் அந்த மாலையை வாங்கியே விட்டார். மதாம் எர்மான்ஸ் வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள், அவர் வரையாத ஒரு படத்துக்காக. அன்செல்மும் வரிசையில் நின்று குலுக்கினான். நானும்தான்.

அதற்குப் பிறகு அன்செல்ம் தினமும் பிற்பகல் கடைக்கு வர ஆரம்பித்தான். வார்னிஷ் அடுக்கிய பக்கம் முகத்தைத் திருப்பமாட்டான். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றான்.

"ஏன்யா, வைத்தியர் சொன்னாரா?"

"அந்த லீல்காரன் ஞாபகம் வருது."

பாரிஸ் முழுக்க அவனுக்கு ரொட்டியும் கசந்தது, ஒயினும் கசந்தது. தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே வந்த நிழலை மட்டும் தார்ப்பழுப்பில் தீட்டினால் ஒரு குதிரைப்படையே வரையலாம். படம் போடுவதையும் நிறுத்திவிட்டான். போய்ச் சொல்லிவிடேன் என்றால், எப்படிச் சொல்வது என்பான். சரி, ஒத்திகை பார்ப்போம் என்றேன். நான் என் மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு மதாம் எர்மான்ஸாக அடுப்பருகே உட்காருவேன். அவன் வாசலிலிருந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு வருவான். மருமகன் கடைக்கு வந்தவர்களிடம், "மாமாவுக்கு இந்தக் காலம் கொஞ்சம் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மதாம், அன்னிக்கு அறையில இருட்டா இருந்துச்சு..."

"பொய்" என்பேன், சால்வைக்குள்ளிருந்து.

"மதாம், எல்லாரும் பூசினாங்க, கை பழக்கதோஷத்துல..."

"முசே, உங்க கைக்கு என் படத்தோட என்ன பழக்கம்?"

"யோவ், அவங்க இப்படியெல்லாம் கேக்கமாட்டாங்கய்யா."

"இதைவிட மோசமா கேப்பாங்க."

எவ்வளவு ஒத்திகை பார்த்தும், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாக்கு அவன் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. ஒரு நாள் சாக்கே இல்லாமல் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டு, "பிலிபேர், நான் கெட்டவனா?" என்று கேட்டான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சால்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் மதாம் எர்மான்ஸ் கான்வாஸ் வாங்கக் கடைக்கு வந்தார். அன்செல்ம் அடுப்பருகே இருந்தான். ஓடிவிடலாம் என்றால் வாசலில் அவர் நிற்கிறார். எழுந்து நின்றான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"நான்தான் போட்டேன், மதாம்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"குறுக்குல ஒரு தடவை, நெடுக்குல ஒரு தடவை, மூலையில ஒரு சுழிப்பு. உங்க கார்த்தேஜ்லயும் அதே சுழிப்பு இருந்துச்சு. இவ்வளவு நல்லா வார்னிஷ் பூச பாரிஸ்ல வேற ஆள் கிடையாது."

புகழ்ச்சிதான். ஆனால் அன்செல்ம் அடிவாங்கியவன்போல உட்கார்ந்துவிட்டான். மதாம் கையுறையைக் கழற்றி அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேக்காம எனக்கும் தூக்கம் வரல. முதல் இழுப்பு இழுத்தீங்களே, அப்பவே விரிப்பு கறுத்திருக்குமே. பாத்தீங்களா?"

எங்கள் ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை. எனக்குத் தோன்றவும் இல்லை.

"பாத்தேன்" என்றான்.

"அப்புறம்?"

பாதியில் விட்டால் கோடு தெரியும், அதனால் தொடர்ந்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது.

"அப்புறம் பக்கத்துல என் படத்தைப் பாத்தேன். நல்லாத் தெரிஞ்சுது. முழுசும் போட்டுட்டேன்."

மதாம் தலையை மட்டும் அசைத்தார்.

"பத்திரிகைக்கு எழுதறேன், மதாம். லீல்காரர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். அது காலைன்னு சொல்றேன்."

"அந்த மனுஷன் அதைத் தினமும் மாலைன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டிருக்கார். எனக்குத்தான் என் காலை போச்சு. அவர் மாலையையும் பிடுங்கணுமா?" கையுறையை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வழக்கமான கான்வாஸ்தான், முசே பிலிபேர். நல்லாக் குடிக்கிறது."

போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். அவனிடம் சொல்லவில்லை.

இந்த வசந்தத்தில் எழுத்து வரிசை மறுபடியும் இரண்டு பேரையும் ஒரே சுவரில் மாட்டியது. அன்செல்மின் படம், ஹன்னிபாலின் யானைகள் பனிமலை ஏறுவது. குளிர்காலத்துக்குப் பிறகு ஒருவழியாக மறுபடி பிரஷ் எடுத்து அதை முடித்திருந்தான். வார்னிஷ் நாளன்று நான் போய்ப் பார்த்தால் யானைகளையே காணோம். எண்ணெய் உள்வாங்கி, படம் முழுக்க வெளிறி, பலகையில் எழுதி அழித்த சுண்ணக்கட்டிபோல இருந்தது. இவன் வழியில் தீட்டிய படத்துக்கு வார்னிஷ்தான் உயிர். வார்னிஷ் பட்டால்தான் இருட்டுக்குள்ளிருந்து உருவங்கள் எழுந்து வரும். சுற்றிலும் எல்லோரும் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருக்க, அன்செல்ம் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு சும்மா நின்றான். பிரஷே கொண்டு வரவில்லை.

"யோவ், இந்தா புட்டி. பூசுய்யா. யானையெல்லாம் மூச்சு முட்டிச் சாகுது."

"வேணாம்."

"நாளைக்கு ஊரே சிரிக்கும்யா."

"சிரிக்கட்டும்."

"இந்த வருஷம் உன் படமும் பனிமூட்டம்தான்னு சொல்லுவாங்க. மதாமைக் காப்பியடிச்சிட்டேன்னு சொல்லுவாங்க."

அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தான். கை பையை விட்டு வெளியே வரவில்லை.

அப்போது மதாம் எர்மான்ஸ் வந்தார். அவருடைய படம் இந்த முறை ஆற்றின்மேல் மூடுபனி, ஒரு படகின் நுனி மட்டும். அதைச் சரிபார்த்துவிட்டு அன்செல்மின் படத்துக்கு வந்தார். அவன் தரையைப் பார்த்தான். மதாம் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

"புட்டியைக் குடுங்க, முசே பிலிபேர். பிரஷும்."

கொடுத்தேன். முழுப் புட்டியையும் எடுத்து வீசப்போகிறார் என்றே நினைத்தேன், வீசினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றும் பார்த்து வைத்தேன். அவர் பிரஷை நனைத்து, விளிம்பில் வழித்து, முன்னால் நிற்கும் யானையின் காதிலிருந்து முன்னங்கால்வரை ஒரே ஓர் இழுப்பு இழுத்தார்.

யானை வந்தது! காதின் நரம்பு, கன்னத்தின் சுருக்கம், பனியில் நீர் கோத்த கண், கழுத்தில் இறுகிய கயிறு. அந்தப் பட்டையின் அகலத்துக்கு மட்டும் உயிர். இவ்வளவு நல்ல யானையை அன்செல்ம் வரைவான் என்று எனக்கே தெரியாது. தும்பிக்கை மட்டும் நகர்ந்தால் என் பையில் இருக்கும் ஆப்பிளைக் கேட்டிருக்கும்.

"நல்ல யானை" என்றார் மதாம். பிறகு பிரஷை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்துச் சொன்னார்: "இந்த இடத்துல நிறுத்தியிருக்கணும், முசே அன்செல்ம்."

புட்டியின் மூடியைத் திருகி மூடினார். "சால்மன் தீர்ந்துடும்னு சொல்லுவீங்களே, வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

நான் சும்மா இருப்பேனா? போகும்போது புட்டியையும் பிரஷையும் முக்காலிமேல், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் போனேன். மீதியைப் பூசி மறைக்க அரைமணி நேரம் போதும். யாரும் கேட்கமாட்டார்கள். மறுநாள் அந்த ஒற்றைப் பட்டைக்கு முன்னால் கூட்டம் கூடும், கைத்தடிக்காரர் அதை ஓவியத்தில் புதிய இயக்கம் என்று எழுதுவார், இளைஞர்கள் நாலு பேர் படத்துக்கு ஒரு பட்டை பூச ஆரம்பிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

மேசையில் மதாம் எர்மான்ஸ் அன்செல்மைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தங்கையின் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னார். பச்சைச் சாற்றை என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். நான் விட்டுக்கொடுத்தேன். அதற்கு நான் கடமைப்பட்டவன்.

திரும்பி வந்தபோது அறையில் கூட்டம் குறைந்திருந்தது. யானையின்மேல் ஒரே ஒரு பட்டை, அப்படியே. முக்காலியில் நான் வைத்த புட்டி, வைத்தபடியே. அன்செல்ம் பக்கத்துப் படத்தருகே குதிகாலை உயர்த்தி எம்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு கை முதுகுக்குப் பின்னால். இன்னொரு கையில் கைக்குட்டை. மதாமின் படச்சட்டத்தின் மேல்விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான், தூசியை மட்டும்.